நாவலுக்குத் துணையாக வரும் கதைத் தொகுப்புகள்: சில வருட வாசிப்புக்குப் பிறகு

சரித்திரமும் மாயமும் கலந்த ஆங்கில நாவல் தொடர்களை விழுந்து விழுந்து படிப்பவர்கள்கூட, அவற்றோடு வெளிவரும் சிறுகதைத் தொகுப்புகளைத் தொடுவதில்லை. எழுதியதில் மீந்ததை அள்ளிக் கட்டி விற்கிறார்கள் என்ற சந்தேகம். காரைக்குடியில் என்னோடு புத்தகம் மாற்றிக்கொள்ளும் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். சில வருடங்களாக இந்தத் தொகுப்புகளை வாங்கிப் படித்து, திரும்பவும் படித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சந்தேகம் பாதி நியாயம்தான்.

என் அளவுகோல் நளன் கதை. வனவாசத்தில் நொந்து கிடக்கும் தருமருக்கு ஆறுதலாகச் சொல்லப்படும் கிளைக்கதை அது. ஆனால் பாரதப்போர் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் அது பிடிக்கும். புகழேந்தி அதைத் தனியே எடுத்து வெண்பாவாகப் பாட முடிந்ததும் அதனால்தான். துணைத் தொகுப்பும் அப்படித் தன் காலில் நிற்க வேண்டும்.

அப்படி நிற்பது சூசன்னா கிளார்க்கின் 'தி லேடீஸ் ஆஃப் கிரேஸ் அட்யூ' (2006). 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நொரெல்' வந்தது 2004இல். நெப்போலியன் காலத்து இங்கிலாந்தில் மந்திரம் திரும்பி வருவதைச் சொல்லும் நாவல், செங்கல் பருமன். அடிக்குறிப்புகளே குட்டிக் குட்டிக் கதைகளாக ஓடும். தொகுப்பில் எட்டுக் கதைகள். தலைப்புக் கதை 1996லேயே வெளியானது. அதாவது நாவலுக்கு முந்தியது, மீந்தது இல்லை. நாவலில் மந்திரத்தைப் பற்றி ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இங்கே மூன்று பெண்கள் சத்தமில்லாமல் அதைச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

நான் அடிக்கடி திரும்பிப் போவது கடைசிக் கதைக்கு. வட இங்கிலாந்தை முந்நூறு ஆண்டு ஆண்ட மந்திர அரசன் ஜான் அஸ்க்ளாஸ், நாவல் முழுக்க நிழலாகவே வருகிறவன். இந்தக் கதையில் வேட்டைக்கு வந்த இடத்தில், காட்டில் கரி சுடும் ஓர் ஏழையின் குடிசையைக் குலைத்து, அவன் துணைக்கு வைத்திருந்த ஒரே பன்றியையும் மீனாக்கிவிடுகிறான். வந்தவன் ராஜா என்றே அந்த ஆளுக்குத் தெரியாது. நேராகப் புனிதர்களிடம் போய் முறையிடுகிறான். அவர்கள் ராஜாவைப் படாத பாடு படுத்துகிறார்கள். தன்னை எதிர்ப்பவன் யாரோ பெரிய மந்திரவாதி என்று ராஜா குழம்புவதுதான் வேடிக்கை.

தேவகோட்டையைத் தாண்டி ராமநாதபுரம் பக்கம் போனால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். அதனால் இந்த ஆள் எங்களுக்கு ரொம்பத் தெரிந்தவர். ஒரு மத்தியானம் வளவில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முன்கதை எதுவும் சொல்லவில்லை. "ராசாவா இருந்தா என்னப்பா, அடுத்தவன் பன்னியக் கெடுத்தா சாமி சும்மா விடுமா?" என்றார். அப்புறம், பன்றி திரும்பக் கிடைத்ததா என்று கேட்டார். நாவலின் கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தால் இரண்டாவது நிமிடமே வெற்றிலைப் பெட்டியைத் தேடியிருப்பார்.

டயானா கபால்டனின் 'செவன் ஸ்டோன்ஸ் டு ஸ்டாண்ட் ஆர் ஃபால்' வேறு மாதிரி. இருபதாம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தி பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்குப் போய்விடும் 'அவுட்லேண்டர்' தொடரின் எட்டாம் நாவல் 2014இல் வந்தது, ஒன்பதாவது 2021இல். நடுவே 2017இல் வந்த இந்தத் தொகுப்புதான் பலருக்குப் பசி தாங்கிய கஞ்சி. இதில் ஏழு கதைகள், ஏழும் குறுநாவல் அளவு. காரைக்குடியிலிருந்து மதுரை போய்ச் சேரும் பஸ் பயணத்தில் ஒன்று முடிந்தால் பெரிய விஷயம். ஏழில் ஐந்து ஏற்கெனவே வெளியானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்நூலாகத் தனித்தனியே வாங்கியவர்கள் இரண்டு புதுக் கதைகளுக்காக மறுபடி காசு கொடுக்க வேண்டும்.

ஆனாலும் 'எ லீஃப் ஆன் தி விண்ட் ஆஃப் ஆல் ஹாலோஸ்' ஒன்றுக்காகவே வாங்கலாம். இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானம் ஓட்டிய ஜெர்ரி மெக்கென்சியின் கதை. நாவல்களில் வரும் ரோஜரின் அப்பா. மகனுக்கு அவர் ஒரு பழைய செய்தி மட்டும்தான். இந்தக் கதையில் மனிதராக வருகிறார். தொடரைப் படிக்காதவர்களுக்கும் மனசு கனக்கும், படித்தவர்களுக்குக் கூடுதலாக. 1759இல் லண்டனில் மின்சார விலாங்கு மீனைத் தொட்டுப் பார்க்கும் விருந்தில் தொடங்கிக் கனடா வரை போகும், தொடரில் வரும் ராணுவ அதிகாரி லார்ட் ஜானின் கதையும் நல்ல கூத்து. மற்றவற்றில் ஒன்றிரண்டு பாதியில் இழுத்தன. யார் யாருக்கு என்ன உறவு என்று மனதில் வம்சப்பட்டியல் இல்லாதவர் தடுமாறுவார்.

நவோமி நொவிக்கின் 'கோல்டன் ஏஜ் அண்ட் அதர் ஸ்டோரீஸ்' (2017) என் அளவுகோலில் தேறவில்லை. நெப்போலியன் போரில் டிராகன்களும் விமானப்படையாகப் பறந்தால் என்ன ஆகும் என்பது 'டெமரேர்' தொடர்; 2006 முதல் 2016 வரை ஒன்பது நாவல்கள். தொகுப்பில் பல துணுக்குகள், வாசகர்கள் வரைந்த படங்களைப் பார்த்து எழுதியவை. தொடரின் நாயகர்களான கேப்டன் லாரன்ஸும் அவருடைய டிராகன் டெமரேரும் வேறு விதமாகச் சந்தித்திருந்தால் என்று யோசிக்கிறது தலைப்புக் கதை. முதல் சந்திப்பு தெரியாதவருக்கு இதில் என்ன சுவை? ஜேன் ஆஸ்டின் நாவலின் நாயகி எலிசபெத் பென்னட் டிராகன் கேப்டனாக வரும் கதை மட்டும் விதிவிலக்கு. ஆஸ்டின் படித்தவர் யாரும் சிரித்துக்கொண்டே முடித்துவிடலாம்.

அச்சா மின்நூலா என்றால், கபால்டனை மின்நூலாக வாங்குங்கள், பையில் கனம் குறையும். கிளார்க் அச்சில்தான் வேண்டும். சார்ல்ஸ் வெஸ் வரைந்த கோட்டோவியங்கள் சின்னத் திரையில் எடுபடுவதில்லை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கரையான் தொல்லை உண்டு. சுவரை ஒட்டிய மர அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நாவலுக்கு முன்பா பின்பா என்று கேட்பவர்களுக்கு: கிளார்க்கைத் தாராளமாக முன்பே படிக்கலாம், அந்தப் பெரிய நாவலைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு அதுதான் சரியான வாசல். கபால்டனை மூன்று நாவலாவது முடித்த பிறகு. நொவிக்கை ஒன்பதும் முடித்து, பிரிய மனமில்லாமல் இருந்தால் மட்டும்.