மன்னார்குடிக் கூடத்தில் ஏழாண்டு ‘ட்வின் பீக்ஸ்’

2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தின் கடைசி ஞாயிறன்று, ஹரித்ரா நதி மேல்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், வெளிநாட்டிலிருக்கும் தம்பி அனுப்பிவைத்த வட்டுத் தொகுப்பிலிருந்து ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் முதல் பகுதியைப் போட்டேன். உடன் இருந்தவர்கள் மூவர்: எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த என் அத்தை, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய பேரன், எதிர்வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர். அதன் பிறகு தொடரை ஒரு முறை முழுமையாகவும், இன்னொரு முறை அவசர அவசரமாகவும் பார்த்து முடித்து, மூன்றாம் முறை பாதியில் நிற்கிறோம். இத்தனை நாள் புழக்கத்தில் அத்தொடர் எங்கே உழைத்தது, எங்கே நைந்தது என்பதை எழுதுகிறேன். கொலையாளி யார் என்பதை மட்டும் சொல்லப்போவதில்லை.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய இத்தொடர் 1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 30 பகுதிகளோடு 1991 ஜூனில் நின்றுபோனது. கனடா எல்லையை ஒட்டிய, மரம் அறுக்கும் ஆலையுள்ள ஓர் ஊரில் லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல் நெகிழித் தாளில் சுற்றப்பட்டுக் கரை ஒதுங்குகிறது. துப்பறிய வரும் அதிகாரி கூப்பர், தடயங்களுக்குக் கொடுக்கும் மதிப்பைத் தம் கனவுகளுக்கும் கொடுப்பவர். ஊர் எல்லைப் பலகையில் மக்கள்தொகை 51,201 என்று எழுதியிருக்கும். சிற்றூர்க் கதை என்றால் பார்ப்பார்களோ என்று தொலைக்காட்சி நிறுவனம் தயங்கியதால், ஐயாயிரத்துச் சொச்சமாக இருந்த எண் அப்படி ஊதிப் பெருத்ததாம். தபால்காரர் அந்தப் பலகையைப் பார்த்ததுமே, “ஐம்பதாயிரம் பேர் இருக்கிற ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் எப்படித் தெரியும்? இது பெரிய கிராமம்தான்” என்று கண்டுபிடித்துவிட்டார். வீடு வீடாகப் படியேறியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வாரத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டோம். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் நான் அவ்வப்போது நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் இது சுமையாகத் தோன்றினாலும், நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் பேச்சு முளைத்ததால், பிறகு அதுவே எங்கள் பார்வை முறையாகிவிட்டது. சன் தொலைக்காட்சியில் ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ வந்த காலத்தில் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவர் அத்தை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அத்தொடர், சாமியா மனிதனா என்ற கேள்வியை வாரக்கணக்கில் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றுக் கொடுத்திருந்ததால், ‘ட்வின் பீக்ஸ்’ அவருக்குப் புதிய வித்தையாகவே படவில்லை. சிவப்புத் திரை தொங்கும் அறையில் குள்ள மனிதர் விநோதமாகப் பேசும் காட்சியில், நடிகர்கள் வசனத்தைத் தலைகீழாகப் பேசிப் பதிவு செய்து அதை மறுபடி திருப்பியிருக்கிறார்கள் என்று பேரன் கைப்பேசியில் ஓட்டிக் காட்டி விளக்கியபோது, “அது கெடக்கட்டும், அவன் என்ன சொன்னான், அதைச் சொல்லு” என்றுதான் கேட்டார்.

நவம்பர் 11 அன்று பதினான்காம் பகுதி முடிந்தது. கொலையாளி தெரியவருவது பதினைந்தாம் பகுதியில். 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் தெருவில் கம்பங்கள் முறிந்து குறுக்கே கிடந்தன. மின்சாரம் வர 17 நாட்கள் ஆயின. பகலெல்லாம் தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்துவிட்டு, இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தால், சாய்ந்த தென்னைகளைப் பற்றிப் பேசி மனம் கசந்துபோன பிறகு யாராவது ஒருவர் லாராவின் பேச்சை எடுப்பார்கள். தபால்காரர் தம் பழைய பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, யார் எந்த இரவில் எங்கே இருந்தார்கள் என்று பட்டியல் போட்டார். பேரன் சந்தேகப்பட்டது ஓட்டல் முதலாளியை. அத்தை ஒரு பெயரைச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, “அழறதுல கணக்கு இருக்கு” என்றார். அந்தப் பதினேழு இரவுகளில் நாங்கள் பேசியதற்கு இணையாக எந்தப் பகுதியும் இல்லை என்பதே இந்தத் தொடரைப் பற்றி நான் சொல்லக்கூடிய உயர்ந்த பாராட்டும், அதன் மேல் எனக்கிருக்கும் பெரிய குறையும். 1990இல் முதல் பருவம் மே மாதம் முடிந்து, இரண்டாம் பருவம் செப்டம்பர் 30 அன்று தொடங்கும்வரை அமெரிக்க ரசிகர்களும் இப்படித்தான் நான்கு மாதம் பேசித் தீர்த்திருக்கிறார்கள். நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு, காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

அவர்கள் இன்றுவரை விடாமல் வாதாடும் ஒரு விஷயம் எங்கள் கூடத்தில் வாதமாகவே எழவில்லை. பாப் என்று தொடரில் ஓர் உரு வருகிறது. நீண்ட நரைமுடியும் ஜீன்ஸ் சட்டையும் அணிந்து, மனிதருக்குள் புகுந்து ஆட்டிவைக்கும் ஆவி. அது நிஜ ஆவியா, மனிதனின் கொடுமைக்கு வைத்த உருவகமா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குணசீலத்தில் மனநலம் குன்றியவரை 48 நாள் தங்கவைத்துப் பெருமாளின் தீர்த்தம் தெளிக்கும் குடும்பமே, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி புரியவில்லை. நாங்கள் சண்டை போட்டது வேறொன்றுக்காக. லாராவின் அடக்கத்தின்போது அவள் காதலன் பாபி, கூடியிருப்பவர்களைப் பார்த்து, அவளைக் கொன்றது நீங்கள்தான், நாம் எல்லோரும்தான் என்று கத்துகிறான். அவள் துன்பத்தில் இருந்தது பலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை என்பதே அவன் குற்றச்சாட்டு. தபால்காரர் இதை ஏற்கவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடாமல் இருப்பது மரியாதை என்றார். அத்தை, “பக்கத்து வீட்டுல புள்ள அழற சத்தம் கேட்டா அதுக்குப் பேரு மரியாதையா?” என்று கேட்டதில் அவர் இரண்டு ஞாயிறு வரவில்லை. முதல் சுற்றில் கொலையாளியைத் தேடுகிற அவசரத்தில் இந்தக் காட்சி கடந்து போய்விடுவதும் உண்டு; எங்களுக்கு அது போகவில்லை என்பதற்கு மெதுவாகப் பார்த்ததே காரணம்.

டிசம்பர் 9 அன்று பதினைந்தாம் பகுதியைப் பார்த்தோம். அத்தை சொன்ன பெயர் சரியா தவறா என்பதை இங்கே எழுத முடியாது. அவர் எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போனார் என்பதை மட்டும் எழுதலாம்.

அதற்குப் பின் தொடர் நைகிறது. விடையை வெளிப்படுத்த லிஞ்சுக்கு விருப்பம் இருக்கவில்லை என்பதும், நிறுவனத்தின் வற்புறுத்தலே அதைச் செய்யவைத்தது என்பதும் பலமுறை பேசப்பட்டவை. முடிச்சு அவிழ்ந்த பிறகு கதை கைக்குச் சிக்கியதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. மோட்டார்சைக்கிள் இளைஞன் ஜேம்ஸ் வேறோர் ஊருக்குப் போய்ப் பணக்காரி ஒருத்தியிடம் மாட்டிக்கொள்ளும் கிளைக்கதையை, நானே மொழிபெயர்க்கச் சோம்பி ஓட்டிவிட்டேன். கடைசிப் பகுதியை லிஞ்ச் மீண்டும் வந்து இயக்கியதால் மட்டும் கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

2020 ஊரடங்கில் இரண்டாம் சுற்று. வேறு வேலை இல்லாததால் 30 பகுதிகளையும் எட்டே நாளில் முடித்தோம், அது தவறு. வாரம் ஒருமுறை வந்தபோது இதமாக இருந்த கூப்பரின் காபிப் புகழ்ச்சி, ஒரே நாளில் நான்கு முறை வந்தபோது சலித்தது. காபி வடிக்கும் பாத்திரத்துக்குள் மீன் கிடந்த செய்தியை, மற்றவர்கள் ஒரு வாய் குடித்த பிறகு, லாராவின் உடலைக் கண்டெடுத்த பீட் வந்து சொல்லும் காட்சிக்கு மட்டும், டிகிரி காபியில் சிக்கரி கூடினாலே முகம் சுளிக்கும் அத்தை இரண்டாம் முறையும் சிரித்தார். அந்தச் சுற்றில் கிடைத்த ஒரே லாபம் முதல் பகுதியின் கடைசிக் காட்சி. லாராவின் தாய் சாரா திடுக்கிட்டு எழுந்து அலறும்போது, அவர் தலைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் ஓர் உருவம் மங்கலாகத் தெரியும். படப்பிடிப்பில் அரங்கப் பொருட்களை அடுக்கும் பணியிலிருந்த ஃப்ராங்க் சில்வா தெரியாமல் அதில் விழுந்துவிட, லிஞ்ச் அந்தப் பிழையை அப்படியே வைத்துக்கொண்டு அவரையே பாப் ஆக்கினார். பேரன் தொலைக்காட்சியின் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்சியை நிறுத்தியதும், ஏற்கெனவே பார்த்த இடத்தில் பார்க்காத ஆள் நிற்பதைக் கண்டு நால்வருக்கும் முதுகு சில்லிட்டது.

தொடரின் மூன்றாம் பருவமாக 2017இல் வந்த 18 பகுதிகளையும் அதே ஊரடங்கில் பார்த்தோம். அதன் எட்டாம் பகுதி 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனைக்குள் நுழைந்து, கறுப்பு வெள்ளையில், ஏறத்தாழப் பேச்சே இல்லாமல் ஓடுகிறது. மொழிபெயர்க்க எனக்கு வேலையே இல்லாத அந்தப் பகுதி பேரனுக்கும் எனக்கும் உச்சமாகத் தோன்றியது, தபால்காரர் தூங்கிவிட்டார். மரக்கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வரும் மார்கரெட்டாக நடித்த கேத்தரின் கூல்சன், நோய் முற்றிய நிலையில் தம் காட்சிகளை முடித்துக்கொடுத்துவிட்டு 2015இல் காலமானார் என்பதைத் தெரிந்துகொண்டு அவர் பேசும் தொலைபேசி உரையாடல்களைக் கேட்பது எளிதாக இல்லை. ஒட்டுமொத்தமாக இந்தப் பருவம் ஊரைவிட்டு வெகுதூரம் அலைகிறது. ஊருக்காகவே தொடரைப் பார்த்த அத்தையிடம் அது செல்லுபடியாகவில்லை.

2025 ஜனவரியில் லிஞ்ச் இறந்த செய்தி வந்ததும் மூன்றாம் சுற்றைத் தொடங்கினோம். மீண்டும் வாரம் ஒன்று. பதினான்காம் பகுதி முடிந்த ஞாயிறன்று வட்டை மாற்ற எழுந்த என்னை அத்தை கையமர்த்தினார். “இதோட நிறுத்திக்கடா. இப்ப அவ கதை இன்னும் முடியல.” தபால்காரர் மறுத்துப் பேசிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு நோட்டோடு வந்து, யார் எந்த இரவில் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.