மேஃப்ளவர் வம்சாவளிக்குப் பணம் கட்டும் முன்

"உங்கள் முன்னோர் 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களை ஏற்றி வந்த மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்" என்று சொல்லி, தோல் அட்டை போட்ட வம்சாவளியைத் தலையில் கட்டும் தொழில் அமெரிக்காவில் இன்று நேற்று வந்ததல்ல. ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கில் கடை விரித்த குஸ்தாவ் அஞ்சூ, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்காரக் குடும்பங்களுக்கு இப்படிப் பல விற்றார். வாங்கி ஏமாந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் கட்டிய கதைகள் இணையத்தில் இன்னும் ஆதாரமாக உலவுகின்றன.

அவர் சரக்கில் பெரும்பகுதி உண்மை. ஆபத்தே அதில்தான். அவர் அடுக்கும் உயில்களும் தேவாலயப் பதிவுகளும் தேடினால் கிடைக்கும், சொன்னபடியே இருக்கும். ஆனால் இங்கிலாந்துக் குடும்பத்தையும் குடியேறியவரையும் இணைக்கும் அந்த ஒரு உயில் எங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் குறிப்பு இருக்காது. எனவே சான்றுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், தகப்பனையும் பிள்ளையையும் ஒட்டும் இடங்களைத் தட்டிப் பாருங்கள். தொகுதி எண், பக்க எண், ஆவணத்தின் படம் மூன்றும் இல்லாத ஒட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இன்றைய ஆசாமிகளுக்கு வசதியான இருட்டு 1790 முதல் 1840 வரை. அந்தக் கால அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டிலுள்ளவர்களின் பெயர்கள் 1850இலிருந்துதான் வருகின்றன. அதே ஊரில் அதே பெயர் கொண்ட வேறொருவரைத் தகப்பனாக்குவது எளிது. "ஜூனியர்" என்ற சொல்லும் சான்றல்ல. ஒரே பெயருள்ள இருவரை, உறவே இல்லாவிட்டாலும், வயதை வைத்து அப்படிப் பிரித்தார்கள். பாகப்பிரிவினை ஆவணமும் வாரிசுகள் நிலம் விற்ற பத்திரமும்தான் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் காட்டும். அவற்றில் ஏராளமானவை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம்.

தேதியிலும் கோட்டை விடுவார்கள். 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25. 1690 ஏப்ரலில் கல்யாணம், 1690 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றிருந்தால் அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1691. கல்யாணமாகிப் பத்து மாதம். இது தெரியாதவர் இல்லாத முதல் மனைவியை உண்டாக்கிவிடுவார்.

டிஎன்ஏ சோதனையை நீட்டினால் கணக்குக் கேளுங்கள். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள்; அவர்களில் பலரின் மரபணு உங்களிடம் துளிகூட இராது.

மேஃப்ளவர் பயணிகள் பலரின் முதல் ஐந்து தலைமுறையை, வழித்தோன்றல்கள் சங்கம் ஏற்கெனவே ஆவணக் குறிப்போடு அச்சிட்டிருக்கிறது. அந்தப் பகுதிக்கும் சேர்த்து "ஆராய்ச்சிக் கட்டணம்" போட்டிருந்தால் பில்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.