சாவிக்கொத்து பிளையர் வாங்குகிறீர்களா? படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

சாவிக்கொத்தில் மாட்டும், பிளையரோடு கூடிய சின்ன மடக்குக் கருவியான லெதர்மேன் ஸ்குவர்ட் பிஎஸ்4 என்று சொல்லி ஒரு ஆன்லைன் விற்பனையாளர் எனக்கு அனுப்பியது அப்பட்டமான போலி. லெதர்மேன் அந்த மாடலை நிறுத்திவிட்டது, ஆனால் தேடுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள், அந்த ஆசையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். "பழைய ஸ்டாக், கடைசி சில பீஸ்கள்" என்று போட்டு, அசல் கருவியின் படங்களையே வைத்திருந்தார்கள்.

வந்த பொருள் மேலுக்குப் பளபளப்பாகத்தான் இருந்தது. கத்தி, கத்தரி, அரம் எல்லாம் உண்டு. ஆனால் இந்தக் கருவியை வாங்குவதே பிளையருக்காக. அதை விரித்து, வாயை மூடி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் இரண்டு நுனியும் ஒட்டவே இல்லை, இடையில் வெளிச்சம் தெரிகிறது, ஒரு பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் தள்ளியும் நிற்கிறது.

ஆபீஸ் நண்பரிடம் அசல் இருந்ததால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அசலின் நுனி ஒற்றைத் தலைமுடியைக்கூட நழுவவிடாமல் பிடிக்கிறது, கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானாகவே வாயைத் திறந்துவிடுகிறது. என்னுடையதை ஒவ்வொரு தடவையும் விரலால் பிரிக்க வேண்டும். மெல்லிய ஸ்பீக்கர் வயரை அசல் நறுக்கென்று வெட்டியது, இதுவோ செம்புக் கம்பியை மடித்து நசுக்கியதோடு சரி. அப்புறம் பையின் ஜிப் ஓட்டி தளர்ந்திருந்ததை லேசாக அழுத்தி இறுக்கினேன், ஒரு பக்கத் தாடை பிளவு விட்டுக் கையோடு வந்துவிட்டது. உடைந்த இடம் காய்ந்த சிமெண்டைப் போலச் சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாக இருந்தது. ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. கருவிகளுக்குப் போடும் கடினப்படுத்திய எஃகு என்றால் காந்தம் ஒட்டியாக வேண்டும். இது ஏதோ மலிவான உலோகக் கலவையை அச்சில் ஊற்றி எடுத்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "முரட்டுத்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், இது சின்னக் கருவி" என்று பதில் வந்தது. இந்தப் பேச்சுக்கு மயங்காதீர்கள். கைப்பிடியே இரண்டேகால் அங்குலம்தான், அதில் எவ்வளவு அழுத்தினாலும் வாய்க்குப் போகும் விசை கொஞ்சம்தான், அந்த விசையில் உடைகிறது என்றால் குறை உலோகத்தில்தான் இருக்கிறது. போல்ட் கழற்ற இது ஆகாது, உண்மை. ஜிப்பை இறுக்கவும், முள்ளைப் பிடுங்கவும், சின்ன வயரை வெட்டவும்தானே இதை வைத்திருக்கிறோம்!

நான் விடவில்லை. இ-காமர்ஸ் விதிகள் 2020-இன்படி விற்கும் தளத்தில் குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கே எழுதினேன். அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளர் பெயரோ முகவரியோ எதுவும் இல்லாததைப் படம் எடுத்து அனுப்பினேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் பணம் வந்தது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.

இப்போது பிளையரோடு சின்னதாக ஒன்று வேண்டும் என்றால் கெர்பர் டைம் (Gerber Dime) பாருங்கள். அதிலும் ஸ்பிரிங் உண்டு, வயர் வெட்டும் இடம் உண்டு. விக்டோரினாக்ஸ் கிளாசிக் நல்ல பொருள்தான், ஆனால் அதில் பிளையரே கிடையாது. எதுவானாலும் முடிந்தவரை கடையில் கையில் வாங்கி, வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெல்லிய காகிதத்தை நுனியால் கவ்வி இழுத்துப் பாருங்கள். காகிதம் வழுக்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எனக்கு விற்ற அதே பொருள், அதே படங்களோடு, இன்னொரு விற்பனையாளர் பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் புகாரில் சேர்த்திருக்கிறேன்.