பைக் ஜாக்கி வாங்குகிறவர்களே, இறக்கிப் பார்த்துவிட்டு நம்புங்கள்

வீட்டிலேயே பைக்கைத் தூக்கி வைத்து வேலை பார்க்கலாம் என்று ஆன்லைனில் ஹைட்ராலிக் ஜாக்கி தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கறுப்பு சிவப்பு பெயிண்ட், தரையோடு தாழ்ந்த சட்டம், சின்னச் சின்னச் சக்கரங்கள், மேலே ரப்பர் ஒட்டிய இரண்டு தண்டுகள், காலால் மிதிக்க இரண்டு பெடல்கள். படத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். 680 கிலோ தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் வாங்கியபோது விலை ஆறாயிரத்துச் சொச்சம். கோவையில் டூல்ஸ் கடையில் இதே உருவத்துக்கு இரண்டு மடங்கு சொன்னார்கள். பிராண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஸ்டிக்கரை மாற்றினால் பெயரும் மாறிவிடும். அதனால் பெயரைத் தேடாதீர்கள், உருவத்தைக் கவனியுங்கள்.

என்னுடையது 2016 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. பழைய எஞ்சின் மாடல், 192 கிலோ. ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங், அதாவது கோன்செட், போய்விட்டது. ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. அதை மாற்ற முன்சக்கரம், ஃபோர்க் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், முன்பக்கம் அந்தரத்தில் நிற்க வேண்டும். மெக்கானிக் கடைகளில் எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையைச் செருகிவிட்டு வேலை பார்ப்பார்கள். அதைவிட ஜாக்கி பத்திரம் என்று கணக்குப் போட்டுத்தான் இதை வாங்கினேன்.

பெட்டியைக் கொண்டு வந்த பையன் இறக்கி வைத்துவிட்டு, "அண்ணா, எண்ணெய் ஏதாவது வாங்கினீங்களா?" என்றான். அடிப்பக்க அட்டை நனைந்து கறுத்திருந்தது. பெட்டியில் தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்றும் இல்லை, எம்.ஆர்.பி.யும் இல்லை. இவையெல்லாம் பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. படத்தில் பைக்கை ஜாக்கியோடு சேர்த்துக் கட்ட பட்டைகள் இருந்தன, பெட்டியில் அவை இல்லை. அன்றே சாட்டில் கேட்டேன். "லேசான எண்ணெய்க் கசிவு இயல்பானது, பட்டை படத்துக்காக மட்டும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படம் பிடித்து வைத்திருந்தேன், பின்னால் உதவியது.

அடுத்தது உயரம். முழுக்க இறக்கினால் 11 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தார்கள். டேப் வைத்து அளந்தால் ரப்பரோடு சேர்த்து 13ஐத் தாண்டியது. பழைய கிளாசிக்கின் கிரவுண்ட் கிளியரன்ஸே 135 மில்லிமீட்டர்தான். இரண்டு சக்கரத்தையும் பலகை மேல் ஏற்றி நிறுத்திய பிறகுதான் ஜாக்கி உள்ளேயே போனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாடலில் எஞ்சினுக்குக் கீழே ஃபிரேம் கிடையாது, எஞ்சினே ஃபிரேமின் ஒரு பகுதி. ஜாக்கி நேராக அலுமினிய எஞ்சின் அடியில்தான் முட்டும், அங்கேதான் ஆயில் டிரெயின் போல்ட்டும் இருக்கிறது. நடுவில் பலகை கொடுக்காமல் யாரும் தூக்கிவிடாதீர்கள்.

தூக்கியபோது ஒரு குறையும் இல்லை. பெடலை மிதிக்க மிதிக்க ஏறியது. ஜாக்கி தானாக இறங்காமல் தடுக்கும் லாக் கம்பியை மாட்டி, மச்சானும் நானும் சேர்ந்து கோன்செட்டை மாற்றி முடித்தோம். இந்த ஜாக்கிகளுக்கு ஆன்லைனில் ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது.

இறக்கும்போதுதான் அதன் குணம் தெரிந்தது. லாக்கை எடுக்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும், பிறகு கம்பியை விலக்கிவிட்டு இன்னொரு பெடலை அழுத்த வேண்டும். லேசாக அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒரு மயிரிழை அழுத்தியதும் மொத்த வண்டியும் தடாலென்று இறங்கியது. இரண்டு தண்டுகளும் ஒன்றாக இறங்கவும் இல்லை. தண்டுகளைத் தாங்கும் மூட்டுகளில் ஆட்டம் இருந்ததால் வலப்பக்கம் முந்திக்கொண்டது. மச்சான் பின்பக்கக் கம்பியைப் பிடித்து இழுத்ததால் வண்டி முழுக்கச் சாயாமல் சுவரில் போய்ச் சாய்ந்தது. பிரேக் லீவர் ஒடிந்தது, டேங்கில் பள்ளம் விழுந்தது. அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இது ஏன் இப்படி? ஹைட்ராலிக் ஜாக்கியில் சின்ன பிஸ்டன் எண்ணெயைப் பெரிய சிலிண்டருக்குள் தள்ளும், ஒரு குண்டு வால்வு அதைத் திரும்பி வரவிடாமல் அடைத்துக்கொள்ளும். வண்டியின் முழு எடையும் அந்த எண்ணெய் மேல்தான் நிற்கிறது. இறக்குவது என்றால் அந்த எண்ணெய் ஜாக்கியின் எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்ப ஒரு வழி திறப்பது. அந்த வழி எவ்வளவு சிறிதாகத் திறக்கிறதோ, வண்டி அவ்வளவு மெதுவாக இறங்கும். ஒழுங்கான ஜாக்கியில் இதற்கென்று கூம்பு முனை வால்வோ, எண்ணெயின் வேகத்தைத் தடுக்கும் சிறு துளையோ இருக்கும். செலவைக் குறைக்க நினைக்கிறவன் முதலில் கைவைப்பது அங்கேதான், ஏனென்றால் அது படத்தில் தெரியாது.

விற்றவருக்கு வீடியோ, படங்கள் எல்லாம் அனுப்பினேன். "தவறான பயன்பாடு" என்றார்கள். பிறகு பெட்டி திறந்த வீடியோ எங்கே என்றார்கள். அப்புறம், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், வேறு பெயர், அதே வாக்கியம்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று கோவை கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். ஹைட்ராலிக் சிலிண்டர்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றுகிறவர் அந்தப் பட்டறைக்காரர். திறந்தார். இருக்க வேண்டிய எண்ணெயில் பாதிதான் இருந்தது, அதுவும் கறுத்துப்போயிருந்தது. சீல் ஓரத்தில் வெட்டு. வால்வு உட்காரும் இடத்தில் கடைந்த பிசிறு கூட எடுக்கப்படவில்லை. "ஏனுங்க தம்பி, இது புதுசில்லீங்க, யாரோ ஓட்டிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்த சரக்கு" என்றார். 680 கிலோ ஸ்டிக்கரைக் காட்டினேன். "ஸ்டிக்கர்ல எத்தனை கிலோ வேணும்னாலும் போடலாமுங்க" என்றார்.

இதற்குப் பிறகுதான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். கூடவே அந்த ஆன்லைன் கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் மெயில் அனுப்பினேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயர் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும். சாட்டில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல் நேராக அங்கே போங்கள். புகார் எண்ணைக் குறிப்பிட்டதும் தொனியே மாறியது. ஜாக்கியின் பணம் வந்துவிட்டது. டேங்குக்கும் லீவருக்கும் ஒரு பைசா தரமாட்டோம் என்றார்கள். பொருளின் குறையால் வேறு சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கும் இழப்பீடு கேட்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்ததையும் டிங்கரிங் பில்லையும் வைத்து மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் வண்டியை ஏற்றுவதற்கு முன் அரிசி மூட்டைகளை ஏற்றிப் பாருங்கள். தூக்கி, லாக் போடாமல், உயரத்தைச் சுவரில் குறித்துவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் இறங்கியிருந்தால் சீலோ வால்வோ சரியில்லை. பிறகு பெடலை அழுத்தி, பாதி வழியில் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள். செயின் துடைத்து எண்ணெய் போடுவதற்கு மட்டும்தான் என்றால் ஜாக்கியே வேண்டாம், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு போதும். கார் டிராலி ஜாக்கியில் இறக்கும் வேகம் கைக்குள் இருக்கும், ஆனால் தாங்கும் இடம் ஒன்றே ஒன்று, பைக் பக்கவாட்டில் ஆடும். எதில் தூக்கினாலும் இரண்டு பக்கமும் பட்டை போட்டுக் கட்டுங்கள்.

ஜாக்கியை அவர்களே வந்து எடுத்துப் போனார்கள். எனக்கு வந்ததே யாரோ திருப்பிக் கொடுத்ததுதான் என்பதால், இதுவும் துடைத்து வேறு பெட்டியில் போகும் என்று தோன்றியது. அதனால் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடித்தகட்டின் பெயிண்டில் ஆணியால் "இறக்கும்போது விழும்" என்று கீறி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு வருகிற ஜாக்கியைக் கவிழ்த்துப் பாருங்கள்.