டார்ப் கட்டுற ‘ரெடிமேட் கிட்’ வாங்கப் போறீங்களா? கேரபினர் உடைஞ்சு என் ஃபிரெண்டுக்கு புருவத்துல தையல்

கேம்பிங் போறவங்க, மொட்டை மாடியில தார்ப்பாய் கட்டுறவங்க ரெண்டு பேருமே இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆன்லைன்ல டார்ப் ரிக்கிங் கிட்னு, அதாவது தார்ப்பாய் கட்டுற சாமான் செட்டுனு ஒண்ணு விக்கிறாங்க. ஒரு சின்ன ஜிப் பைக்குள்ள கயிறு, ஆறு கேரபினர் (திறந்து மூடுற உலோகக் கொக்கி வளையம்), கயித்த இறுக்குற கிளிப்பு, முளை எல்லாம் இருக்கும், ‘முடிச்சு தெரிய வேண்டாம், மாட்டுனா போதும்’னு விளம்பரம். 1,300 ரூபா சொச்சம். 550 பாராகார்ட், ஏவியேஷன் அலுமினியம்னு பெருசா எழுதியிருந்துச்சு, அது ரெண்டுமே பொய்.

கொடைக்கானலத் தாண்டி மன்னவனூர் பக்கம் தெரிஞ்சவர் தோட்டத்துல கூடாரம் போட்டிருந்தோம், ஜூலை மாசம், அங்க அந்த நேரத்துல காத்து எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். மூணுக்கு நாலு மீட்டர் டார்ப், ரெண்டு மரத்துக்கு நடுவுல ரிட்ஜ் லைன் (கூரை முகடு மாதிரி நிக்கிற நடுக்கயிறு) இழுத்து அதுமேல போட்டு நாலு மூலையும் கீழ இறக்கிக் கட்டியிருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் நின்னுச்சு. இருட்டி காத்து ஏற ஏற கிளிப்பு ஒவ்வொண்ணா வழுக்க ஆரம்பிச்சுது, இறுக்கி விட்டுட்டு வந்து உக்காந்தா பத்து நிமிஷத்துல திரும்ப தொங்குது, பாய் தொங்குனா காத்த இன்னும் பிடிக்கும், படபடன்னு அடிச்சு ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, ரிட்ஜ் லைன்ல இருந்த கேரபினர் பட்டுன்னு ரெண்டா உடைஞ்சு ஒரு துண்டு பறந்து வந்து என் ஃபிரெண்டோட புருவத்துல அடிச்சுது. ரத்தம் நிக்கல. அந்த ராத்திரியே வண்டி எடுத்துக் கொடைக்கானல் போய் தையல் போட்டுட்டு வந்தோம். அரை இஞ்சு கீழ பட்டிருந்தா கண்ணு. அதை நினைச்சா எனக்கு இன்னும் கோவம் அடங்கல.

ஊருக்கு வந்ததும் எல்லாத்தையும் வெட்டிப் பார்த்தேன்.

முதல்ல கேரபினர். அலுமினியம்னா அதிக பாரம் வந்தா மொதல்ல வளையும், நெளியும், அப்புறம்தான் விட்டுப் போகும். இது ஒரு துளி கூட வளையல. உடைஞ்ச இடத்துல பார்த்தா சாம்பல் கலர்ல கல் உப்பு மாதிரி பொடிப்பொடியா மினுக்குது, மேல மட்டும் கறுப்பு பெயிண்ட். அது துத்தநாகத்த உருக்கி அச்சுல ஊத்தி எடுக்கிற வார்ப்பு. துத்தநாகம் அலுமினியத்த விட ரெண்டரை மடங்கு கனம், அதனால கையில எடுத்தா நல்ல கனமா, தரமானது மாதிரி தெரியும், அதுலதான் ஏமாத்துறாங்க. காந்தம் வச்சுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, ரெண்டுமே ஒட்டாது. விளம்பரப் படத்துல கேரபினர் மேல கிலோ நியூட்டன் கணக்கு அச்சடிச்சிருக்கு, கைக்கு வந்ததுல ஒரு எழுத்தும் இல்ல, வெறும் மொட்டை. மலையேறுறவங்க வாங்குற கேரபினர்ல நீளவாக்குல எவ்வளவு தாங்கும்னு கண்டிப்பா போட்டிருக்கும், வழக்கமா 20 கிலோ நியூட்டனுக்கு மேல, அதாவது ரெண்டு டன் கிட்ட. டார்ப்புக்கு அவ்வளவு தேவையில்லைதான், ஆனா ஒண்ணுமே போடாத உலோகத்த தலைக்கு மேல மாட்டாதீங்க.

அடுத்து கயிறு. 550ங்கிறது 550 பவுண்டு, 250 கிலோ கிட்ட தாங்குற நைலான் கயிறு, பாராசூட்டுக்காக வந்தது. நுனிய வெட்டிப் பிரிச்சா மேலுறைக்குள்ள ஏழுல இருந்து ஒம்பது இழை தனித்தனியா வரணும், ஒவ்வொரு இழையும் தானே முறுக்குன சின்னக் கயிறா இருக்கணும். எனக்கு வந்ததுல உள்ள முறுக்கே இல்லாத வெள்ளை நார் ஒரு கொத்து, விரல்ல பிடிச்சு இழுத்தா பஞ்சு வர்ற மாதிரி வந்துருது. ஒரு துண்டு வெட்டி தண்ணியில போட்டு நல்லா பிழிஞ்சு காத்த எடுத்துட்டு விட்டா மிதக்குது. நைலானும் சரி பாலியெஸ்டரும் சரி தண்ணில மூழ்கும், மிதந்தா அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், சாதா பிளாஸ்டிக் கயிறு. இந்த டெஸ்டுக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும், கயிறு வாங்குன அன்னிக்கே பண்ணுங்க.

கிளிப்பு ஏன் வழுக்குச்சுன்னா அந்த மூணு ஓட்டை துண்டு தடிச்ச கயித்துக்கு செஞ்சது, அதுல இவங்க மூணு மில்லிமீட்டர் கயித்த கோத்துக் கொடுத்திருக்காங்க. கயிறு ஓட்டைய நிறைச்சு உரசுனாதான் அது பிடிக்கும்.

காத்து எவ்வளவு இழுக்கும்னு ஒரு கணக்கு சொல்றேன். 12 சதுர மீட்டர் பாய் மேல மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல நேரா அடிச்சா 90 கிலோ கிட்ட தள்ளும், வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுறது நாலு மடங்கு. மலையில கட்டுற பொருள விக்கிறவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும்ல.

விக்கிறவங்க கிட்ட கேட்டதுக்கு முதல்ல ‘ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு சார்’. உடைஞ்ச போட்டோவும் தையல் போட்ட போட்டோவும் அனுப்புனதுக்கு அப்புறம் ‘இது அலங்காரத்துக்கு, லைட் யூஸுக்கு மட்டும்’னு பதில். அலங்காரத்துக்கா? விளம்பரப் படத்துல மழையில மலை உச்சியில கட்டியிருக்கு! அதோட ரிவ்யூ எல்லாம் நாலரை ஸ்டார், பழசு வரைக்கும் கீழ போய்ப் பார்த்தா ‘சார்ஜ் ரெண்டு நாள் நிக்குது’, ‘கேபிள் சின்னதா இருக்கு’ன்னு எழுதியிருக்காங்க. பவர் பேங்க்குக்கு வந்த ரிவ்யூவ அப்படியே வச்சுக்கிட்டு பொருள மட்டும் மாத்தியிருக்காங்க. எந்தப் பொருள் வாங்குனாலும் பழைய ரிவ்யூ நாலு படிச்சுப் பாருங்க, புதுசு மட்டும் பார்த்தா இது தெரியாது.

முடிச்சா கிளிப்பான்னு கேட்டா நான் சொல்றது முடிச்சுதான், காரணம் முடிச்சு வழுக்குனாலும் கண்ணுக்கு முன்னாடி மெதுவா வழுக்கும், துண்டா உடைஞ்சு பறக்காது. எங்க சித்தப்பா நாமக்கல் லாரியில வருஷக்கணக்கா ஓடுனவர், லோடு மேல தார்ப்பாய் கட்டுறதுக்கு அவங்க எந்தக் கிளிப்பும் தேடுறதில்ல, கயித்துல நடுவுல ஒரு மடிப்பு வளையம் போட்டு நுனிய கீழ கொக்கியில விட்டு திரும்ப அந்த வளையத்துல கொடுத்து இழுப்பாங்க, கப்பி போட்ட மாதிரி இறுகும். ரிட்ஜ் லைனுக்கு அதேதான். மூலைக்கு, கயித்த முளைய சுத்திக் கொண்டு வந்து, நீண்டு நிக்கிற கயித்து மேல வளையத்துக்கு உள்பக்கமா ரெண்டு சுத்து, வெளிப்பக்கமா அதே திசையில ஒரு சுத்து, இறுக்கி விடுங்க. கையால தள்ளுனா நகரும், பாய் இழுத்தா நகராது. கேரபினருக்குப் பதிலா பாயோட கண்ணுக்குள்ள (ஓரத்துல இருக்கிற வளைய ஓட்டை) கயித்த மடிச்சு விட்டு அந்த மடிப்புல விரல் தண்டி குச்சி ஒண்ணு சொருகிடுங்க, கழட்டும்போது குச்சிய உருவுனா முடிஞ்சுது. கண்ணு பிஞ்சிருந்தா பாய் மூலையில ஒரு கூழாங்கல்ல வச்சு மடிச்சு அது கழுத்துல கட்டுங்க, கண்ண விட அது பலமா நிக்கும்.

முடிச்சுக்கும் குறை இருக்கு. முடிச்சு போட்ட இடத்துல கயித்தோட பலம் மூணுல ஒரு பங்குக்கு மேலயே போயிடலாம், டைனீமா மாதிரி வழவழன்னு இருக்கிற கயித்துல மேல சொன்ன மூலை முடிச்சு நிக்காது. நைலான் பனியில நனைஞ்சா நீளும், படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ இறுக்கணும், அந்தத் தொல்லை வேணாம்னா பாலியெஸ்டர் வாங்குங்க. குளிர்ல விரல் மரத்துப் போனா முடிச்சு போடவே முடியாது, அப்போ நல்ல கிளிப்பு உதவும், அதை நான் மறுக்கல, ஆனா அத தனியா, கயித்து தடிமன் எழுதியிருக்கிறதா பார்த்து வாங்கி மூலையில மட்டும் போடுங்க, தலைக்கு மேல வர்ற ரிட்ஜ் லைன்ல வேண்டாம். கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறும் வேண்டவே வேண்டாம், விட்டுச்சுன்னா நேரா மூஞ்சிக்குத்தான் வரும்.

புகார் விஷயம். 2020ல வந்த இ-காமர்ஸ் விதிப்படி அந்த சைட்டுக்கு ஒரு குறைதீர்ப்பு அதிகாரி இருக்கணும், 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், பொருள் எந்த நாட்டுல செஞ்சதுன்னும் விளம்பரப் பக்கத்துல காட்டணும். இந்தக் கிட்ல நாட்டுப் பேர் எங்கயுமே இல்ல. அதையும் சேர்த்து எழுதி 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் போட்டேன், அதுக்கப்புறம்தான் அசைஞ்சாங்க. பொருள் காசு வந்துச்சு, ஷிப்பிங் பிடிச்சுக்கிட்டாங்க, ஆஸ்பத்திரி செலவப் பத்தி பேச்சே எடுக்கல.

அதே கிட் இப்ப வேற பேர்ல திரும்ப விக்குது. ஆரஞ்சு கயிறு, கறுப்பு கேரபினர் ஆறு, பச்சை ஜிப் பை, படத்த மட்டும் மாத்தல. ஏற்கனவே வாங்கிட்டவங்க தலைக்கு மேல மாட்டியிருந்தா இன்னிக்கே கழட்டிடுங்க. உடைஞ்சு போயிருந்தா துண்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க, உடைஞ்ச முகம் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, விளம்பரப் பக்கத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோட வச்சுக்கோங்க. என் கேஸ்ல அந்த மூணையும் பார்த்த பிறகுதான் ரீஃபண்ட் போட்டாங்க.