மைசினா, எக்ஸ்கானா?

ஒரு துறை நிபுணரின் அறிவை விதிகளாக எழுதி வைத்து, அவரைப் போலவே முடிவு சொல்லும் கம்ப்யூட்டர் நிரல்தான் எக்ஸ்பர்ட் சிஸ்டம். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த இரண்டு பெயர்களும் வந்துவிடும். ஒன்று, 1970களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் எழுதிய மைசின். ரத்தத் தொற்றுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு டோஸ் என்று சொல்லும். மற்றொன்று, 1978இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெர்மாட் தொடங்கிய எக்ஸ்கான். டெக் நிறுவனத்தின் வேக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் வந்தால் எந்தக் கேபிள், எந்தப் பெட்டி, எந்த போர்டு எங்கே என்று வரைந்து தரும்.

இரண்டுமே 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்ற விதிகளால் ஆனவைதான். ஆனால் போகிற திசை வேறு. மைசின் பின்னாலிருந்து வரும். இன்ன கிருமியாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டு, அதற்குச் சான்று உண்டா என்று டாக்டரைக் கேள்வி கேட்கும். எக்ஸ்கான் கொத்தனார் மாதிரி. கையில் இருப்பதை வைத்து அடுத்த கல்லை வைக்கும். வைத்ததைப் பிரித்துப் பார்ப்பது அபூர்வம்.

மைசினின் அழகு அது சந்தேகத்தைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது. கிருமி கிராம் சாயச் சோதனையில் நெகட்டிவ், கோல் வடிவம், காற்றில்லாமல் வளர்வது என்றால் அது பாக்டீராய்ட்ஸ் என்ற வகைக் கிருமி என்பதற்கு 0.6 நம்பிக்கை (முழு நம்பிக்கை என்றால் 1). கிருமி குடல் வழியாக ரத்தத்தில் நுழைந்திருக்கிறது, மாதிரி எடுத்த இடமோ கிருமியே இருக்கக் கூடாத இடம் என்றால், இன்னொரு விதி அதற்கே 0.7 தரும். இரண்டையும் கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடும் அல்லவா? அதனால் முதலில் மீந்த 0.4 சந்தேகத்தில் 0.7 பங்கை, அதாவது 0.28ஐ மட்டும் சேர்த்து 0.88 என்று முடிக்கும். நிகழ்தகவுக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை, இது முறையான நிகழ்தகவுக் கணக்கு இல்லை என்றார்கள்; அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. ஆனாலும் நடுவில் நிறுத்தி 'ஏன் கேட்கிறாய்?' என்று தட்டினால், எந்த விதிக்காகக் கேட்கிறது என்று அது பதில் சொல்லும். எனக்கு மைசினைப் பிடித்ததே இதனால்தான்.

சரி, திறமை? 1979இல் வெளியான சோதனையில் மூளைக்காய்ச்சல் நோயாளிகள் 10 பேருக்கு மைசின் சொன்ன சிகிச்சையையும் டாக்டர்கள் சொன்னதையும், எது யாருடையது என்று காட்டாமல் 8 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். மைசினுக்கு 65 சதவீதம் ஒப்புதல். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்களில் நன்றாகச் செய்தவருக்கே 62.5தான். இருந்தும் அது வார்டுக்குள் போகவே இல்லை. அரைமணி நேரம் டெர்மினல் முன் உட்கார்ந்து தட்டச்சு செய்ய எந்த டாக்டருக்கு நேரம்? தப்பாகிவிட்டால் பழி யார் தலையில் என்பதற்கும் விடை இல்லை.

எக்ஸ்கானுக்கு அந்தக் கவலை இல்லை. தப்பு செய்தால் ஒரு கேபிள் குறையும், அவ்வளவுதான். அதே வேலைக்கு ஃபோர்ட்ரான், பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழிகளில் டெக் முன்பே முயன்று தோற்றிருந்தது. 1980இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருந்த டெக்கின் சேலம் ஆலையில் எக்ஸ்கான் வேலைக்கு வந்தது; 1986க்குள் 80,000 ஆர்டர்களைப் பார்த்துவிட்டது. துல்லியம் 95 முதல் 98 சதவீதம். காசு போடுகிற இடத்தில் நான் இருந்தால் யோசிக்காமல் இதற்குத்தான் போட்டிருப்பேன்.

அப்புறம் வந்ததுதான் தலைவலி. டெக் புதுப் பொருள் விடும்போதெல்லாம் விதிகளைத் திருத்த வேண்டும். ஆயிரத்துக்கும் குறைவாகத் தொடங்கியவை 10,000ஐத் தாண்டின. ஒரே ஆண்டில் ஏறக்குறைய பாதி மாறும். ஒன்றைத் தொட்டால் வேறெங்கோ ஒன்று இடிக்கும். அதைப் பராமரிக்கவே தனியாக ஒரு குழு வேண்டியிருந்தது.

மைசினின் கதை வேறு மாதிரி போனது. மருத்துவ விதிகளை உருவிவிட்டு, விதிகளை வைத்து முடிவெடுக்கும் நிரல் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள், பெயர் இமைசின். அதில் நுரையீரல் விதிகளை ஊற்றி பஃப் என்று ஒன்றைச் செய்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றில் அது அன்றாட வேலைக்கே வந்துவிட்டது. மூச்சுச் சோதனையின் அளவுகள் கருவியிலிருந்தே வந்துவிடும், அரைமணி நேரத் தட்டச்சு கிடையாது. அறிக்கையைப் படித்துப் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும்.