கதைப் பை: நாலு வருடம் பாவித்த பிறகு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி டீச்சராக இருக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வரை பதினெட்டுப் பிள்ளைகள். அநேகமாக எல்லோருடைய அம்மாவும் விடிந்ததும் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவார்கள். 2021 கடைசியில் முதல் கதைப் பையை வாங்கினேன். அப்போது யார் கேட்டாலும் "நல்லது, வாங்குங்க" என்றேன், இப்போது "வாங்காதீங்க, தைங்க" என்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஒரு படக்கதைப் புத்தகத்தையும், அந்தக் கதையில் வருகிற ஆட்கள், மிருகங்கள், சாமான்களின் பொம்மைகளையும் ஒரே துணிப் பையில் போட்டு வைப்பதுதான் கதைப் பை. 1990களில் இங்கிலாந்தில் நீல் கிரிஃபித்ஸ் என்ற தலைமையாசிரியர் பரப்பிய யோசனை இது. கதையை ஒட்டிய ஒரு விளையாட்டு, ஒலிநாடா, அதே விஷயம் பற்றிய தகவல் புத்தகம், பெற்றோருக்கு ஒரு குறிப்பு அட்டை எல்லாம் அங்கே உள்ளே இருக்கும். பிள்ளை பையை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து படிக்க வேண்டும், அதுதான் நோக்கம்.

நான் வாங்கியது வெளிநாட்டுப் பை. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே பனிமனிதன், முள்ளெலி, சறுக்குவண்டி என்று பதினொரு உருப்படி. எங்கள் பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி நன்றாகத் தெரியும், ஜனவரிக் குளிரில் அதைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள், பனிமனிதனை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பையைக் கவிழ்த்த அடுத்த நிமிடம் பதினொன்றும் பதினொரு கைக்குப் போய்விட்டது, மிச்சம் ஏழு பேர் அழுகை, கதையை யார் கேட்டது?

அப்புறம் 2022 வந்தது. அந்த வருடம் கோதுமை மா விலையையும் மண்ணெண்ணெய் விலையையும் பார்த்தவர்கள் இன்னொரு பை வாங்குவதைப் பற்றி யோசித்திருக்கக்கூட மாட்டார்கள். நானே தைத்தேன். பாட்டி வடை சுட்ட கதை. அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தருகிற வெள்ளைச் சீருடைத் துணியில் மிஞ்சியதில் பை, கிழிந்த சேலையில் பாட்டி, உடைந்த கறுப்புக் குடையின் துணியில் காகம். நரியோடு வடையும் சேர்த்து நாலே உருப்படி. நாலுக்கு மேல் வேண்டாம், பிள்ளைகளும் ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். இது என் அனுபவக் கணக்கு.

முதல் வடையை ஸ்பொஞ்சில் வெட்டினேன். இரண்டாம் நாளே ஒருவன் கடித்துவிட்டான், நல்லவேளை விழுங்கவில்லை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை 31.7 மில்லிமீற்றர் அகலமான ஒரு குழாய்க்குள் போட்டுப் பார்த்துத்தான் சோதிப்பார்கள். முழுதாக உள்ளே போய்விட்டால் தொண்டையில் அடைக்கும், கொடுக்கக் கூடாது. என்னிடம் வருகிறவர்களுக்கு மூன்று ஆகிவிட்டது என்றாலும், பை வீட்டுக்குப் போனால் தம்பி தங்கச்சி கையிலும் படும். இப்போது வடை என் உள்ளங்கை அளவு, கெட்டித் துணியில் இரட்டைத் தையல். காகத்தின் கண் பட்டன் இல்லை, நூல்.

எங்கள் பக்கத்தில் இதை விடப் பெரிய தலைவலி ஈரம். மே மாதம் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. இலவம் பஞ்சு அடைத்த பாட்டி ஒரே மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சணம் பிடித்து நாற ஆரம்பித்தாள், இழுப்பு வருகிற ஒரு பிள்ளை அன்றைக்கு முழுவதும் இருமியது. பிரித்தெறிந்துவிட்டுத் துவைக்கக்கூடிய செயற்கைப் பஞ்சு வைத்தேன். காயவைக்க அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை வாசம் வரும், வரட்டும், பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசம். பூச்சி உருண்டை மட்டும் பைக்குள் போடாதீர்கள், பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டால் விஷம். நாலு மழைக்காலத்துக்கும் அசையாமல் நிற்பது குடைத்துணிக் காகம் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பை ஒரு வீட்டுக்குப் போகும், திங்கட்கிழமை திரும்பி வரும். முதல் ஆறு மாதம் எனக்குக் கோபம்தான். நரியின் வால் பிய்ந்து வரும், புத்தகம் மட்டும் விரல் படாமல் நான் கொடுத்த மாதிரியே வரும். படிக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு ஒரு திங்கட்கிழமை ஒரு சின்னவள் கதை சொன்னாள். அவள் கதையில் பாட்டி பீலியடியில் (தண்ணீர் வந்து விழுகிற இடத்தில்) துணி அலசிக்கொண்டிருக்கும்போது காகம் வடையைத் தூக்குகிறது, கடைசியில் கங்காணி வந்து நரியை விரட்டுகிறார். நான் எழுதிய புத்தகத்தில் பீலியும் இல்லை, கங்காணியும் இல்லை.

சாயந்தரம் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் போய் அவளுடைய அம்மாயியிடம், அம்மாவைப் பெற்றவரிடம், கேட்டேன். "புஸ்தகத்துல எனக்கு என்னா டீச்சர் தெரியும், கிழிஞ்சிருமோன்னு தொடவே இல்ல. இந்தக் காக்காவ வச்சுகிட்டுச் சொல்லிப்புட்டேன்" என்றார். நரி என்ன கேட்டிருக்கும், நீயே சொல்லு என்று பிள்ளையிடமே கதையைத் தள்ளிவிட்டாராம். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் 1988இல் எழுதிய கட்டுரை இதே வழியைத்தான் சொல்கிறது. பெரியவர் வாசித்து ஒப்பிக்காமல் கேள்வி கேட்டு, பிள்ளையையே கதைசொல்லி ஆக்க வேண்டும். பயிற்சிக்குப் போய்ப் படித்து வந்தும் எனக்கு ஒழுங்காக வராத வேலை அது.

எழுத்து தெரியாத பெரியவர் புத்தகத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொள்கிறார், பொம்மையைக் கையில் கொடுத்தால் அவரை நிறுத்த முடியாது. குறிப்பு அட்டையை அன்றோடு எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கூப்பிட வருகிறவரிடம் ஐந்து நிமிடம் வாயால் சொல்லிவிடுகிறேன். (இன்னொரு பையன் வீட்டில் அப்பா சிங்களம். காகத்தை "கபுட்டா" என்றும் நரியை "நரியா" என்றும் சொல்வான், மற்றவர்களும் இப்போது அப்படித்தான்.)

குறையும் சொல்ல வேண்டும். முதலாம் தரத்துக்குப் போகிற வயதில் கதை தலைகீழாகப் பாடம், புத்தகத்தையும் தலைகீழாகவே பிடிக்கிறார்கள். பொம்மை இருந்தால் ஏடு புரட்ட அவசியமே வருவதில்லை. அதற்காகப் போன வருடத்திலிருந்து புத்தகத்தைத் துணியிலேயே தைக்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் ஒரு பொக்கற், வடை இரண்டாம் பக்கத்தில், நரி ஐந்தாவதில். புரட்டினால்தான் நரி கிடைக்கும். கிழிகிற பயமும் இல்லை, அம்மாயிகளும் தொடுகிறார்கள்.

ஒரு பைக்கு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடிக்கிறது, காசாகப் போவது நூலுக்கும் பஞ்சுக்கும்தான். இதுவரை ஐந்து பை. நரிக்கு இப்போது மூன்றாவது வால். வாங்கிய பனிமனிதன் அலுமாரியில் இருக்கிறான், தொப்பியை மட்டும் கழற்றிப் பாட்டிக்குப் போட்டுவிட்டார்கள்.